நான்கு தலையணை உறைகள்

அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவள் சோப்பக்காதான். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கும் லாண்டரியை அவளும் கணவரும் நடத்தினார்கள். ஒன்பது பெண்களுக்கு அங்கே வேலை. இந்த வெள்ளிக்கிழமையோடு அத்தனைக்கும் மூடுவிழா நடந்துவிடும் போலிருந்தது.

காரணம் கரி. தெருவில் எந்த ஜன்னலைத் தொட்டாலும் விரல் கறுத்தது. எதிர்வீட்டு டீச்சரின் மகளுக்கு மூச்சிரைப்பு வந்து பாதி நாள் பள்ளிக்கே போவதில்லை. டீச்சர் மனு எழுத, நாற்பது வீட்டார் கையெழுத்துப் போட்டார்கள். லாண்டரி புகைபோக்கியிலிருந்து குபுகுபுவென்று வெள்ளையாகக் கிளம்புவதை ஊரே பார்க்கிறதே! போன வருடம் வரை அங்கே விறகு எரித்ததும் உண்மைதான். இப்போது பாய்லர் கேஸில் ஓடுகிறது, வெளியே வருவது பெரும்பாலும் ஆவி என்று சோப்பக்கா தொண்டைத்தண்ணீர் வற்றக் கத்தியும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை வந்த சுற்றுச்சூழல் அதிகாரி கறாரான பெண்மணி.

"வெள்ளிக்கிழமை மெஷினோட வரேன். ஆனா காத்து கெட்டிருக்குன்னுதான் மெஷின் சொல்லும். யார் கெடுத்தாங்கன்னு சொல்லாது. நீங்க இல்லன்னா வேற யாருன்னு காட்டுங்க. இல்லன்னா பாய்லருக்கு சீல்தான்."

"வேற யாரு? மெயின் ரோட்டு லாரிங்கதான்!" என்றாள் சோப்பக்கா, பட்டென்று.

சொல்லிவிட்டாளே தவிர, மனசு ஒப்பவில்லை. கறையைப் பார்த்தே அது ரத்தமா, டிங்க்சரா, குழம்பா என்று சொல்கிறவளுக்குக் காற்றின் கறை மட்டும் தெரியாமல் போகுமா? புதுத் தலையணை உறைகள் நான்கை நனைத்து மொட்டை மாடியின் நான்கு மூலைகளிலும் கட்டினாள். ஒன்று மெயின் ரோட்டைப் பார்த்து, ஒன்று புகைபோக்கியை ஒட்டி, ஒன்று பின்பக்கக் குளிர்பதனக் கிடங்கைப் பார்த்து, ஒன்று தங்கள் கொல்லைக்கு மேலே. காயக் காய நனைத்தாள். கணவர் தலையில் அடித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை மாலை நான்கையும் மேஜையில் விரித்தாள். ரோட்டுப் பக்கத்து உறை பழுப்பு. வெறும் தண்ணீரிலேயே போய்விட்டது. மண் தூசி! லாரி மேல் தான் போட்ட பழி பொய் என்று அவளுக்கே சுருக்கென்றது. கிடங்குப் பக்கத்து உறை கன்னங்கரேல். தண்ணீருக்கு மசியவில்லை, தேய்த்தால் எண்ணெய் போல் ஈஷியது. டீசல் கரி. புகைபோக்கியோரத்து உறையோ கட்டியபடியே வெள்ளை வெளேரென்று இருந்தது. அவளுக்குக் கத்தவேண்டும் போலிருந்தது.

நான்காவது உறையைப் பார்த்ததும் சந்தோஷம் அடங்கிப்போனது. அதில் கறுப்பு நூல் நூலாக ஏதோ பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது.

"என்னங்க, பார்சல் வர்ற பிளாஸ்டிக் கவரையெல்லாம் என்ன பண்றீங்க?"

கணவர் சுவரைப் பார்த்தார். "காலைல... கொல்லைல... கொஞ்சமாத்தான் கொளுத்துறேன்."

"கொஞ்சமாவா? இதையும் சேர்த்துத்தானே அந்தப் புள்ள மூச்சுல இழுத்திருக்கு?"

"நாலாவதைக் காட்டாம விட்டுடு. யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்ல!"

வெள்ளிக்கிழமை காலை தெருவே வாசலில் கூடிவிட்டது. சோப்பக்கா நான்காவது உறையைத்தான் முதலில் தூக்கிக் காட்டினாள்.

"இது எங்க தப்பு. பிளாஸ்டிக் கொளுத்தினது எங்க வீட்டுக்காரர். இனிமே ஒரு துண்டு எரியாது. டீச்சர், மன்னிச்சிடுங்க."

அதற்கப்புறம் மற்ற மூன்று உறைகளையும் ஒவ்வொன்றாகக் காட்டி, எது மண் தூசி, எது டீசல் கரி என்று சொன்னாள். அதிகாரி நேராகப் பின்பக்கக் கிடங்குக்கு நடந்தார்.

"கரண்ட் போனாத்தான் மேடம் ஜெனரேட்டர் போடுவோம்," என்று பூசி மெழுகினார் மேனேஜர். கரண்ட் இருந்தது. உள்ளே ஜெனரேட்டர் தடதடத்துக்கொண்டும் இருந்தது. புகைக்குழாய் கூரையளவில் பாதியில் உடைந்து, டீச்சர் வீட்டு மாடியை நோக்கி ஊதிக்கொண்டிருந்தது.

"இதை நிறுத்துங்க. லாண்டரி பாய்லரை முழு வேகத்துல போடுங்க," என்றார் அதிகாரி.

டீச்சர் வீட்டு மாடியில் வைத்த மெஷின் முதலில் காற்றின் மாசு இருநூற்றுப் பத்து என்று காட்டியது. லாண்டரியின் வெள்ளை ஆவி வானத்தை முட்டியது. ஒன்பது பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நூற்றெண்பது. நூற்று முப்பது. அரை மணி நேரத்தில் அறுபது! தெருவே விசிலடித்தது. குழாயைச் சரிசெய்து வடிகட்டி மாட்டும்வரை ஜெனரேட்டருக்கு சீல் என்று அதிகாரி அங்கேயே எழுதிக் கொடுத்தார்.

"துணில படியறது தூசியும் கரியும்தான்," என்றார் அவர், முதன்முறையாகச் சிரித்து. "அந்தக் குழாய்ல கண்ணுக்குத் தெரியாத வாயுவும் வரும். அதை நான் பாத்துக்கிறேன். மத்ததெல்லாம் நீங்களே பாத்துட்டீங்க."

சாயந்தரம் டீச்சர் கையில் ஒரு மூட்டையோடு வந்தார், பின்னாலேயே மகள். வீட்டு ஜன்னல் திரை அத்தனையும் அதில் இருந்தது. டீச்சர் மூட்டையை நீட்டினார்.

"சோப்பத்தே, நான் மூணு மாடியும் ஓடியே இறங்கினேன், மூச்சு இரைக்கவே இல்ல!" என்றாள் மகள்.

சோப்பக்கா மூட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"அடியே, பெரிய மெஷினைப் போடுங்கடி! இன்னிக்கு முதல்ல இவங்களோடதுதான்!"