ஓசெல்லா கட்டிய பிரசவ வார்டு

"நீ கேக்குறது நடக்காது, ஓசெல்லா."

ஆஸ்பத்திரி குமாஸ்தா தொப்பியைக்கூடக் கழற்றாமல் அவள் வீட்டுக் கூடத்தில் நின்று சொன்னான். அவள் மகள் வயதுகூட ஆகாத வெள்ளைக்காரப் பையன்.

"கறுப்புப் பொம்பளை பேருக்கு முன்னால திருமதி போட்டு இந்த ஜார்ஜியாவுல எவனும் கல்லு வெட்டினதில்ல. வார்டு வாசல் கல்லுல வெறும் ஓசெல்லான்னு போடுறோம். அதுவே பெரிசு."

ஒற்றைத் தொட்டியில் ஊரார் துணி துவைத்துத் தொடங்கியவள், இன்று நீராவிச் சலவைக்கூடத்தின் முதலாளி. மூத்த மகள் வீட்டிலேயே பிரசவித்து, ரத்தப்போக்கு நிற்காமல் செத்தாள். அமெரிக்கத் தெற்கில் அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரி கறுப்பர்களைச் சேர்க்கவில்லை. அந்த ஆற்றாமையில்தான் பிரசவ வார்டையே ஓசெல்லா கட்டிக்கொடுத்தாள். பாதிப் படுக்கைகள் தன் இனப் பெண்களுக்கு என்பது பேச்சு. இப்போது இளையவள் வெர்டெலுக்கு மாதம் நெருங்கிவிட்டது.

"ஒத்த வார்த்தைதானே, முழுங்கிடு," என்றார் கணவர் லூதர்.

"பொறந்ததுலேர்ந்து முழுங்கிட்டுத்தான் இருக்கேன். இனிமே தொண்டையில எடமில்லீங்க." குமாஸ்தா பக்கம் திரும்பினாள். "அப்ப என் பேரே வேண்டாம், ஐயா. படுக்கை மட்டும் குடுங்க."

அன்று நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தாள். பாவம், ஜெயித்துவிட்டதாகவே நினைத்தாள்.

வார்டு திறந்த வாரமே வெர்டெலுக்கு வலி கண்டது. காரில் அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடினார்கள். வாசலில் அதே குமாஸ்தா மறித்தான். அவன் தலைக்கு மேலே பளபளத்தது கல்: 'திருமதி எலினோர் விட்லாக் நினைவு வார்டு.'

"யாருங்க இது?" என்றார் லூதர்.

"ஆஸ்பத்திரி சேர்மனோட அம்மா, தவறிப்போயிட்டாங்க. கல்லுதான் காலியா இருந்துச்சே." குரலைத் தணித்தான். "அந்தம்மா பேருக்குக் கீழ உங்க ஆளுங்க படுத்தா நல்லாவா இருக்கும்? கமிட்டி ஒத்துக்கல. கீழ கொதிகலன் பக்கத்துல ரெண்டு கட்டில் போட்டிருக்கு. ரெண்டுலயும் ஆளு."

"வாக்குக் குடுத்தீங்களே!" என்றாள் ஓசெல்லா.

"அது ஓசெல்லா வார்டுக்குக் குடுத்தது."

காருக்குள் வெர்டெல் அலறினாள். ஓசெல்லாவின் நிமிர்வெல்லாம் அந்தச் சத்தத்தில் நொறுங்கிப்போனது. குமாஸ்தாப் பொடியன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, ஓசெல்லான்னே வெட்டுங்க. சலவைக்காரின்னு வேணும்னாலும் வெட்டுங்க. கதவைத் தெறங்க, சாமி!"

அவன் அண்ணாந்து கல்லைப் பார்த்தான். முகத்தில் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது.

"வெட்டி முடிச்சாச்சே, ஓசெல்லா," என்றான்.