தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை

காலையில் சாப்பிட்ட புட்டு மத்தியானம் அப்படியே திரும்பி வந்தது. தேங்காய்ப்பூகூட நிறம் மாறவில்லை. றம்லா கோழிக்கூட்டுக்குப் பின்னால் குந்தியிருந்து சத்தி எடுத்துவிட்டு, காலால் மணலைத் தள்ளி மூடினாள். வாயைக் கொப்பளித்து, முக்காட்டை இழுத்துவிட்டு, முன்பக்கத்துக் கடைக்குள் இருந்து புருஷன் எட்டிப் பார்க்கிறாரா என்று கள்ளக்கண் போட்டாள். நுஃமான் யாருக்கோ பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். தப்பித்தோம் என்று அவளுக்கு மூச்சு வந்தது.

சண்டைக் காலத்தில் ஊரைவிட்டு விரட்டப்பட்டு, இருபத்திரண்டு வருடம் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டு, இந்த முசலிக் கரைக்குத் திரும்பி வந்து ஆறு மாதம். வந்தே தீரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் றம்லாதான். நுஃமானுக்குப் புத்தளத்தில் கடை நன்றாக ஓடியது. மகள் அஸீபாவும் பக்கத்து வளவிலேயே இருந்தாள். “பத்தைக் காட்டுக்குள்ள போய் என்ன செய்யப்போறம்?” என்று கேட்டுக்கொண்டேதான் அவர் லொறியில் ஏறினார். பத்தையை வெட்டினார்கள். தூர்ந்து கிடந்த அவளுடைய வாப்பாவின் கிணற்றை இறைத்தார்கள். கூரைக்குத் தகரம் கிடைத்தது. எல்லாம் ஒரு வழிக்கு வந்தபோது இந்தச் சத்தி வந்து சேர்ந்தது.

திரும்பி வந்தவர்களுக்கு என்ன வருத்தம் வந்தாலும் ஊரில் ஒரே தீர்ப்புத்தான்: தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. சொறி வந்தால் தண்ணீர், இருமல் வந்தால் தண்ணீர். மாமிக்கும் மருமகளுக்கும் சண்டை வந்தால்கூடத் தண்ணீர்தான் என்பார்கள் போல. அப்படிச் சொல்லியே நாலு குடும்பம் கதவைப் பூட்டிக்கொண்டு புத்தளத்துக்குப் போய்விட்டது. சத்தி நுஃமானுக்குத் தெரிந்தால் ஐந்தாவது குடும்பம் தாங்கள்தான் என்று றம்லா பயந்தாள். அவளுக்கு வீம்பும் இருந்தது. வாப்பாவின் கிணற்றுத் தண்ணீர் அவள் வாயில் இனித்தது. பக்கத்து வீட்டு றாபியா, “என்ன புள்ள, உவர்த் தண்ணியல்லவா அது?” என்றபோது, “உன்ட நாக்கைக் கழுவிட்டுக் குடி” என்று விரட்டியிருக்கிறாள்.

சீனி வருத்தத்தில் கால் விறைப்பதால் அவள் தண்ணீர் அள்ளுவதில்லை. குடிக்கிற பானையை விடியற்காலையில் நிரப்பி வைப்பது நுஃமானின் வேலை. வெள்ளிக்கு வெள்ளி கடைச் சாமான் எடுக்கப் புத்தளம் போய், எண்ணெய்க் கான்களோடு திரும்பி வருவதும் அவர் வேலை.

சீனிக்கும் சத்திக்கும் சேர்த்து அவள் தானே ஒரு வைத்தியம் பார்த்து வந்தாள். கட்டாரில் இருக்கும் மகன் ஜுனைட் ஒரு போத்தல் விற்றமின் அனுப்பியிருந்தான். “உம்மா, சீனி கூடினா நரம்பு துருப்பிடிக்குமாம். இது அந்தத் துருவைப் பிடிக்க விடாதாம்” என்று போனில் சொன்னான். துரு என்றதும் அவளுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. இந்தக் கடற்காற்றில் புதுப் பூட்டே மாதம் தாங்குவதில்லை. காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என்று விழுங்கினாள். கிளினிக்கில் தந்த சீனிக் குளிசையோ வயிற்றைப் பிரட்டியது. துருவுக்கே மருந்து இருக்கும்போது சீனிக்கு எதற்கு மருந்து என்று அதை அலுமாரியில் சேலைக்கு அடியில் ஒளித்துவிட்டாள்.

ஒரு திங்கட்கிழமை, நுஃமான் அள்ளி வைத்த தண்ணீரில் உடுப்பு அலம்பிக்கொண்டிருந்தவள் கிணற்றடியில் மயங்கி விழுந்தாள். நுஃமான் ஓட்டோ பிடித்து ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போனார். டொக்டர் ஹம்சிகா சீனியைப் பார்த்தாள், வயிற்றை அமத்திப் பார்த்தாள்.

“எத்தினை நாளாச் சத்தி, அம்மா?”

“ரெண்டு நாள்.”

“நாலு மாசம்” என்றார் நுஃமான். “கோழிக்கூட்டுக்குப் பின்னால மணலைப் போட்டு மூடுறவ. நான் கண்டனான்.”

றம்லாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. வீடும் போயிற்று, கிணறும் போயிற்று. அவர் வாயால் கேட்பதைவிடத் தானே சொல்லிவிடலாம் என்று, “தண்ணி ஒத்துக்கொள்ளேல்ல, டொக்டர்” என்றாள்.

நுஃமான் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “தண்ணியா இருக்காது டொக்டர். இவ அந்தக் கெணத்துத் தண்ணியக் குடிக்காமலே மூண்டு மாசம். புத்தளத்தில மகள்ட கெணத்தில இருந்து கான்ல கொண்டு வந்துதான் பானைல ஊத்துறன். அப்பவும் சத்தி நிக்கேல்ல.”

டொக்டர் பேனையை வைத்துவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்ப தண்ணி தப்பீட்டுது” என்று சிரித்தாள். பிறகு றம்லாவின் பையிலிருந்த போத்தலை வாங்கி வாசித்தாள். மகன் சொன்ன துருக் கதையையும் சேலைக்கு அடியில் கிடக்கும் குளிசையையும் றம்லா சொல்லிவிட்டாள்.

“குடலுக்கும் நரம்பு இருக்கம்மா. அதுதான் சாப்பாட்டைத் தள்ளுறது. கனகாலம் சீனி கூடி நிண்டதில உங்கட நரம்பு நல்லா அடிபட்டிட்டுது, அதால சாப்பாடு இரைப்பையிலயே தேங்கி நிக்குது. மகன் சொன்னது பொய்யில்ல. இந்த விற்றமின் குடல் நரம்பைக் காக்குமோ எண்டு சீனி வருத்தம் உள்ள எலிகளில பாத்திருக்கினம், கொஞ்சம் காப்பாத்தியிருக்கு. மனுசருக்கு இன்னும் உறுதியாச் சொல்லேலாது. சீனிக் குளிசையை விட்டிட்டு இதைப் போட்டது, துருவைச் சுரண்டாமல் மேல பெயின்ற் அடிச்ச மாதிரி.”

“செத்த நரம்பு திரும்பி வருமா?” என்றாள் றம்லா.

“செத்தது வராது. மிச்சத்தைக் காப்பாத்தலாம். வேற குளிசை எழுதுறன். நேரத்துக்குப் போடோணும், கொஞ்சம் கொஞ்சமாச் சாப்பிடோணும். எங்க இருந்தாலும் இதுதான் வைத்தியம், புத்தளமெண்டாலும் சரி, முசலியெண்டாலும் சரி.”

 ஓட்டோவில் றம்லா கேட்டாள்: “ஏன் எனக்கிட்டச் சொல்லேல்ல?”

“நீ ஏன் ஒளிச்சாய்?”

“தெரிஞ்சா நீங்க கதவைப் பூட்டிருவீங்க எண்டு.”

நுஃமான் வெளியே பார்த்தபடி சொன்னார்: “வாப்பாட கெணறே என்னை வேணாமெண்டு சொல்லிட்டுது எண்டு நீ அழுவாய். அதை என்னால பாக்கேலாது.”

அவள் அங்கேயே அழுதாள். ஓட்டோக்காரன் திரும்பிப் பார்க்காத நல்ல பிள்ளை.

வீட்டுக்கு வந்ததும், “அள்ளித் தாங்கோ” என்றாள். நுஃமான் வாளியை இறக்கி அள்ளி, செம்பில் ஊற்றிக் கொடுத்தார். றம்லா பிஸ்மி சொல்லி ஒரு மிடறு குடித்தாள். முகம் சுருங்கியது. உவர்தான். சிறுவயதில் வாப்பா வீட்டில் குடித்ததும் இதே உவர்தான் என்று இப்போது நினைவு வந்தது. றாபியாவிடம் எப்படி முகம் கொடுப்பது என்று நினைக்கச் சிரிப்பும் வந்தது.

“போதும், புள்ள.”

“கொஞ்சம் கொஞ்சமாக் குடிக்கிறன்” என்று இன்னொரு மிடறு குடித்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். நுஃமானும் பக்கத்தில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடை வாசலில் புத்தளத்துத் தண்ணீர்க் கான் ஒன்று திறக்காமல் நின்றது. அதை உள்ளே எடுத்து வைக்க இருவருமே எழும்பவில்லை. றம்லா வயிற்றின்மேல் கையை வைத்தபடி, கோழிக்கூட்டுப் பக்கம் பார்க்காமல், குடித்தது தங்குமா என்று காத்திருந்தாள்.