புள்ளி வைக்காத பலகை

அரசு அலுவலகக் கேண்டீன்களில் பொரித்த பண்டங்கள் கூடாது என்று சுகாதாரத் துறை முடிவெடுத்த அன்றே கேண்டீன் மாஸ்டருக்குப் பாதி உயிர் போய்விட்டது. இருபது வருடமாக அவருடைய வாணலி அடுப்பை விட்டு இறங்கியதில்லை. வேகவைக்க ஒரு குக்கர் போதுமே, நான் எதற்கு என்று மனிதர் புலம்பித் தீர்த்தார்.

மீதி உயிரைக் காப்பாற்றியது அவருடைய மச்சான். துறைக்குப் பலகை எழுதும் புண்ணியவான் அவன்தான். 'பொரித்த பண்டங்களைத் தவிர்' என்று ஒரு வரி, 'மற்ற எல்லாவற்றையும் அளவோடு உண்' என்று அடுத்த வரி எழுதச் சொல்லியிருந்தார்கள். அவசரக்குடுக்கை, முதல் வரியின் கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்காமலே மாட்டிவிட்டுப் போய்விட்டான்.

மாஸ்டர் சத்தம் போட்டுப் படித்தார். "பொரித்த பண்டங்களைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அளவோடு உண்." ஆஹா! இன்னொரு தடவை படித்தார்.

அரசாங்கம் சொன்னால் சொன்னதுதான். வெள்ளரிக்காய் தலைக்கு இரண்டே வில்லை, அதுவும் தராசில் எடை போட்டு. உருளைக்கிழங்கு வறுவல் மட்டும் கேட்கக் கேட்க வந்தது.

நான்காம் நாள் சுகாதார அதிகாரி அம்மாள் வந்து நின்றார். அந்த வாசகத்தை மண்டையைக் குடைந்து எழுதியவரே அவர்தான்.

"என்ன மாஸ்டர் இது, அநியாயமா இருக்கே?"

"போர்டுல போட்டபடிதான் மேடம் செய்றேன். மூணாவது வில்லை கேட்டவர்கிட்ட சண்டையே போட்டேன்."

அம்மாள் பலகையைப் படித்தார். முகம் சிவந்தது. சாட்சிக்கு வேண்டும் என்று தட்டிலிருந்து ஒரு வறுவலை எடுத்தார். மணம் மூக்கைத் துளைத்தது. சாட்சி வாய்க்குள் போனது. அதற்குத் துணையாக இன்னும் மூன்று போயின.

"இதோ, இங்கதான் புள்ளி வரணும்" என்று 'ர'வின் தலைமேல் விரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்ததும் அங்கே எண்ணெய் பளபளக்க, அச்சடித்த மாதிரி ஒரு புள்ளி.

"நல்லதாப் போச்சு! 'தவிர்' வந்துடுச்சு. வாணலிய இறக்குங்க."

மாஸ்டருக்கு அழுகையே வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே அடுப்பை அணைக்கப் போனவர் சட்டென்று திரும்பினார்.

"இறக்கிடறேன் மேடம். பதிவேட்டுல மட்டும் எழுதிக்கறேன். புள்ளி என்ன எண்ணெய், யாரு விரல்னு."

அம்மாள் விரலைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்துப் புள்ளியை அழுந்தத் துடைத்தார்.

"அரசாங்க போர்டுல யாரும் கை வைக்கக் கூடாது மாஸ்டர்" என்றார். "அப்புறம், அந்தத் தட்டக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க."