வேகமாக வடிந்த பானைகள்

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, தனக்கோடியின் செகண்ட்ஸ் கடையில் அந்த ஃபில்டர் பானையைப் பார்த்ததும் பூங்கோதைக்கு ரத்தம் கொதித்தது. விளிம்பில் அவள் போட்டிருந்த சிவப்புப் பெருக்கல் குறியை யாரோ உப்புத்தாள் வைத்துத் தேய்த்திருந்தார்கள்.

ரத்தினவேலின் செராமிக் பட்டறையில் பானைகளைச் சோதிப்பது அவள் வேலை. களிமண்ணோடு உமித்தூள் கலந்து சுட்டால், உமி எரிந்து கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழும். அவற்றின் வழியே தண்ணீர் மெதுவாகக் கசிய வேண்டும். மணிக்கு இரண்டு லிட்டர். ஐந்து லிட்டர் கொட்டினால் எங்கோ விரிசல். கிருமியும் கூடவே இறங்கும். சிவப்புக் குறி போட்டு உடைத்துவிட வேண்டும்.

தனக்கோடிக்கு அது தெரியாது. புள்ளி விழுந்த கப், கோணல் சாசர் விற்றே இருபது வருடம் ஓட்டியவர். பட்டறையிலிருந்து பன்னிரண்டு வந்ததாம், பதினொன்று போய்விட்டதாம். சீக்கிரம் வடிகிறது என்று சனங்கள் கேட்டு வாங்கினார்களாம்.

மிஞ்சியதைத் தூக்கிக்கொண்டு நேரே பட்டறைக்குப் போனாள். டீ குடித்துக்கொண்டிருந்த ரத்தினவேல் பானையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“இல்லாதப்பட்டவங்க வாங்கறாங்க. ஒண்ணுமே இல்லாததுக்கு இது பரவால்ல இல்ல?”

“ஒண்ணுமே இல்லன்னா காய்ச்சிக் குடிப்பாங்க மொதலாளி. இத நம்புனா காய்ச்சறதையே வுட்டுடுவாங்க.”

அவர் அடுத்த சூளையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவள் சுத்தியலை எடுத்து, கொண்டுவந்ததையும் மூலையில் அடுக்கியிருந்த சிவப்புக் குறிப் பானைகளையும் ஒவ்வொன்றாக உடைத்தாள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

“நாளைக்கு என்ன, இப்பவே நின்னுட்டேன்.”

கடைக்குத் திரும்பி, வாங்கியவர்கள் யார் என்று கேட்டாள். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் வாங்கிப்போகிற கடை. பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. விஷயத்தைக் கேட்ட தனக்கோடிக்கும் முகம் கறுத்தது. அட்டையில் எழுதித் தொங்கவிட்டார்: இங்கே வாங்கிய ஃபில்டர் பானையைத் திருப்பிக் கொடுங்கள், தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்.

சாயங்காலம் வரை ஒருவரும் திருப்பிக் கொண்டுவரவில்லை. பெண்ணாடத்துக்காரர் ஒருவர் வந்தார். அட்டையை அவர் பார்க்கவே இல்லை.

“எங்க பக்கத்து வூட்டுல இருக்குதே, சட்டுனு வடியறது, அது மாதிரி ஒண்ணு குடுங்க.”

“அவங்க தண்ணி காய்ச்சறாங்களா?” என்றாள் பூங்கோதை.

“எதுக்குக் காய்ச்சணும்? கைப்புள்ளைக்கே அதத்தான் ஊத்தறாங்க.”

பெண்ணாடம் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. அவரைத் தள்ளாத குறையாக ஏற்றி, பின்னாலேயே அவளும் ஏறினாள்.

“அந்த வூட்டக் காட்டுங்க.”