கொதிக்க வைத்துக் குடிக்கவும்

1

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து பிறந்தது. குடிநீர் அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த இன்ஜினியரின் சிரிப்பு அது.

நாங்கள் மூன்று பேர் போயிருந்தோம். மாமா குழந்தையைத் தோளில் போட்டிருந்தார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி, என் அக்கா. அக்காவுக்குப் பின்னால் நான். ரேஷன் வரிசை மாதிரி நின்றோம்.

"ஆத்துல சாக்கடை விடறத நிறுத்துங்க சார். அது கழிமுகத்துல வந்து தேங்குது. கரையிலதான் எங்க தெரு போர்வெல் இருக்கு. எல்லாம் அதுக்குள்ள எறங்குது" என்றார் மாமா.

"ஏங்க, பேரே கழிமுகம். கழிக்கறதுக்குன்னே பேர் வெச்சிருக்கான். அங்க கழிக்காம உங்க வீட்டு வாசல்லயா கழிக்கிறது?"

சொல்லிவிட்டு இன்ஜினியர் சிரித்தார். கிளார்க் சிரித்தார். பியூன் சிரித்தார். பயத்தில் மாமாவும் கொஞ்சம் சிரித்தார். மற்றதையெல்லாம் மன்னித்தாலும் அந்தக் கொஞ்சம் சிரிப்பை அவரிடமிருந்து பிடுங்கியதை நான் மன்னிக்க மாட்டேன்.

'சார், முன்னால கழி இருக்கு சரி, பின்னால முகம்னு இருக்கே, மூஞ்சியிலயா ஊத்துவீங்க?' என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எனக்குப் பதில் எப்போதும் வீட்டுக்கு வந்த பிறகுதான் வரும்.*

(* அகராதியும் வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். கழி என்றால் கடல் உள்ளே புகுந்து கிடக்கும் உப்புநீர். கழிவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மனுஷனுக்குத் தண்ணீரும் தெரியவில்லை, தமிழும் தெரியவில்லை.)

2

எப்படித் தொடங்குவது?

"ஆறு நுரை கக்கிக்கொண்டு ஓடிய அந்த—"

அடித்துவிட்டேன். எங்கள் தெருக்குழாயில் நுரையே வராது. கண்ணாடி மாதிரி தண்ணீர். வாசனை இல்லை, ருசியில் மாற்றம் இல்லை. கதையில் வில்லன் என்றால் மீசையை முறுக்கிக்கொண்டாவது வர வேண்டும். நைட்ரேட் என்கிற இவனோ இருக்கிற இடமே தெரியாமல் வருகிறான். வயல்களில் கொட்டிய யூரியா மழையில் கரைந்து வருகிறது. ஊரின் சாக்கடை வந்து அதோடு சேர்கிறது. கழிமுகத்தில் இரண்டையும் தின்று பாசி பச்சைப் போர்வையாகக் கொழுக்கிறது. அடியில் மீன்கள் மூச்சு முட்டிச் சாகின்றன. மண்ணில் இறங்குவது எங்கள் குடத்துக்கு வருகிறது.

"அக்கா தண்ணீரைக் கொதிக்க வைத்தாள்."

இது உண்மை. ஆனால் இந்த வாக்கியத்தில் எழுவாய் அக்கா. குற்றவாளியும் அவளே என்று ஆகிவிடுகிறது. இலக்கணமே அவளைக் கூண்டில் ஏற்றுகிறது.

"கழிவுநீர் வெளியேற்றப்படுகிறது."

இது அலுவலகம் எழுதுகிற தமிழ். இதில் யாரும் எதுவும் செய்யவில்லை. வெளியேற்றப்படுகிறது, பரிசீலிக்கப்படும், நடவடிக்கை எடுக்கப்படும். ஒரு 'படு'வுக்குப் பின்னால் ஒரு அலுவலகமே ஒளிந்துகொள்கிறது. எழுதுவது அவர்கள். படுவது நாங்கள்.

3

சரி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தெருவில் வயிற்றுப்போக்கு பரவியது. குழாயடியில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள்: கொதிக்க வைத்துக் குடிக்கவும். அக்காவுக்குப் பால் பற்றவில்லை. குழந்தைக்குப் பவுடர் பால்தான். தெருவில் எல்லாரும் தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் இறக்கிவிடுவார்கள். அக்கா இறக்க மாட்டாள்.

"போதும்க்கா, பாத்திரம் காயுது" என்பேன்.

"இருடி. பச்சப்புள்ள குடிக்கிறது. இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும்."

கொதித்தால் கிருமி சாகும். நைட்ரேட் சாகாது. தண்ணீர் ஆவியாகப் போகப் போக அது பாத்திரத்திலேயே தங்கிச் செறிவாகிக்கொண்டே இருக்கும். அக்காவின் கவனம் எவ்வளவு கூடியதோ, அவ்வளவு விஷமும் கூடியது.

ஒரு நாள் குழந்தையின் உதடு மையில் தோய்ந்ததுபோல் நீலம் பாரித்தது. நகங்களும்தான். [பயப்படாதீர்கள். பிழைத்துக்கொண்டது. உங்களுக்குக் கோபம் வர வேண்டும் என்பதற்காக நான் ஒரு குழந்தையைக் கொல்ல மாட்டேன். உயிரோடு இருக்கிற குழந்தைக்காகவும் நீங்கள் கோபப்படலாம்.]

"எந்தத் தண்ணியிலம்மா பால் கலக்குறீங்க?" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்.

"நல்லா சுண்டக் கொதிக்க வெச்ச தண்ணி டாக்டர்" என்றாள் அக்கா. அந்த நேரத்திலும் அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது. சுண்டச் சுண்ட நைட்ரேட் கூடும், அது பச்சைக் குழந்தையின் ரத்தத்தில் ஆக்சிஜன் சேரவிடாது என்று டாக்டர் விளக்கினார். பெருமை அங்கேயே செத்தது.

அதிலிருந்து அக்கா அடுப்பருகே போவதில்லை. கேன் தண்ணீரில் பால் கலக்குவது மாமா. தூக்குவது, குளிப்பாட்டுவது நான். குழந்தை அவளைப் பார்த்துக் கையை நீட்டும்.

"வேணாம்டி. என் கையில விஷம் இருக்கு" என்பாள்.

இந்தக் கதையில் பணயமாக இருப்பது இதுதான். குழந்தை திரும்பி வந்துவிட்டது. அதன் அம்மா இன்னும் வரவில்லை.

4

மாமாவின் தொழிலை நான் மாற்றி எழுதியிருந்தேன். தையல்காரர் என்று. அவர் எட்டிப் பார்த்துவிட்டார்.

"என்ன என்னவா எழுதியிருக்க?"

"டெய்லரா, மாமா."

"எனக்கு ஊசியில நூல் கோக்கவே வராதேடி. சட்டைல பட்டன் போனா உங்கக்காதான் தைக்கணும்!"

சிரித்தார். பிறகு சிரிப்பு இறங்கியது.

"லாரியவே எழுது. ஆனா பிளான்ட் கேட்ல பூட்டு தொங்குதே, அதையும் எழுது. ஒண்ண எழுதி ஒண்ண விட்றாத."

எழுதுகிறேன். மாமா ஓட்டுவது செப்டிக் டேங்க் லாரி. சுத்திகரிப்பு நிலையத்தில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். நிலையத்தில் மெஷின் ரிப்பேர், கேட்டில் பூட்டு. "பாலத்துக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு வாய்யா, ஆத்துக்கென்ன வாயா இருக்கு" என்பார் கான்ட்ராக்டர். விட்டுவிட்டு வருவார். ஓகோ, அப்படியானால் செய்த வினைதானே என்று நீங்கள் இந்த இடத்தில் நிம்மதியாகப் பக்கத்தை மூடிவிடுவீர்கள் என்று பயந்துதான் அவரைத் தையல்காரர் ஆக்கினேன்.

ஆற்றில் ஹோஸை நீட்டியவர் மாமா. அடுப்பைப் பற்றவைத்தவள் அக்கா. நிலையத்தைப் பூட்டியவர்? கேட்டில் எழுதித் தொங்குகிறது: தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது.

5

முடிவு ஒன்று: இன்ஜினியர் தன் தவற்றை உணர்ந்து, பூட்டைத் திறந்து— [கிழித்துவிட்டேன். அக்கம்பக்கத்தில் யாராவது படித்தால் என்னை வைத்தியரிடம் கூட்டிப்போவார்கள்.]

முடிவு இரண்டு: "அக்கா ஓடிவந்து குழந்தையை வாரி அணைத்து"

இதற்கு மேல் கை ஓடவில்லை. எதிரே அவள் இரண்டு கைகளையும் மடியில் பொத்தி வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். அவளைப் பார்த்துக்கொண்டே எப்படிப் பொய் எழுதுவது?

மூன்றாவதை யோசித்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுக்கு யாரோ குடிவந்து சாமான் இறக்கினார்கள். இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண் குழாயடிக்கு வந்தாள். நோட்டீஸை எழுத்துக்கூட்டிப் படித்தாள். தலையை ஆட்டிக்கொண்டாள். குடத்தை நிரப்பிக்கொண்டு உள்ளே போனாள்.

"போய்ச் சொல்லுடி அவகிட்ட" என்றாள் அக்கா.

"நானா?"

"நீதான் பக்கம் பக்கமா எழுதுறியே."

"எழுத வரும்க்கா. பேச வராது."

அக்கா என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். எழுந்து, செருப்பைக்கூடப் போடாமல் தெருவைக் கடந்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் ஓடினேன்.

கதவைத் தட்டினாள். உள்ளே அடுப்பு சீறுகிற சத்தம். அந்தப் பெண் கதவைத் திறந்தாள்.

சொல்ல வேண்டியதை அக்கா தன்னிடமிருந்துதான் தொடங்க வேண்டும். முன்பின் தெரியாதவளிடம், 'நான் என் பிள்ளைக்கு...' என்று. அவள் வாயைத் திறந்ததைப் பார்த்தேன்.

அவள் சொன்னதை எழுத மாட்டேன். எழுதினால் 'நன்றாகச் சொன்னாள்' என்று தலையாட்டிவிட்டு நீங்கள் எழுந்து போவீர்கள். அக்காவைக் கொஞ்சம் நகரச் சொல்லியிருக்கிறேன். வாசலில் இப்போது நீங்கள் நிற்கிறீர்கள். அந்தப் பெண்ணின் தோளுக்குப் பின்னால் பாத்திரத்திலிருந்து ஆவி எழும்ப ஆரம்பித்துவிட்டது.

"யாருங்க?" என்று அவள் கேட்கிறாள். "என்ன வேணும்?"