மரவட்டைக்குப் பஞ்சு மெத்தை

பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் ஒரு மரக்கட்டை மக்கிக் கிடந்தது. ஆண்டு விழாவுக்கு விருந்தினர்கள் வருவதற்குள் அதை அப்புறப்படுத்தியே தீருவேன் என்று தலைமையாசிரியை ஒற்றைக்காலில் நின்றார். விடவே மாட்டேன் என்று மூன்றாம் வகுப்பு டீச்சரும் அப்படியே நின்றாள். ஆசிரியர் அறையில் அவளுக்குப் 'புழு டீச்சர்' என்று பெயர். அதை அவள் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. வாழிடம் என்றால் என்னவென்று சொல்லிக்கொடுக்க அந்தக் கட்டையைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை என்பது அவள் கட்சி.

"திங்கட்கிழமை வந்து பாக்குறேன். உள்ள என்னதான் இருக்குன்னு பிள்ளைங்க காட்டட்டும். ஒண்ணுமில்லேன்னா கோடாலிதான்" என்று முடித்துவிட்டார் தலைமையாசிரியை.

வெள்ளிக்கிழமை டீச்சர் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தாள். ஓர் உயிருக்கு ஏற்ற வாழிடத்தைச் செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டிக்குள் செய்துவர வேண்டும். களிமண்ணில் பொம்மை செய்து வைப்பார்கள் என்றுதான் நினைத்தாள். வினை அங்கேதான் பிடித்தது.

திங்கட்கிழமை தலைமையாசிரியை முன்னால் டீச்சர் கட்டையைப் புரட்டினாள். ஈ காக்கை இல்லை. அவர் சிரித்துக்கொண்டே தோட்டக்காரருக்குக் கைகாட்டினார். டீச்சர் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

"எல்லாம் எங்க போச்சு?"

"எங்ககிட்டதான் டீச்சர் இருக்கு!" வகுப்பின் வாயாடி பெட்டியைத் திறந்தாள். பஞ்சு மெத்தை, ஜன்னலுக்குத் திரை, குட்டித் தட்டில் கிரீம் பிஸ்கட். நடுவில் மரவட்டை சுருண்டு கிடந்தது. அடுத்த பெட்டியில் நத்தை தலையை நீட்டவே இல்லை. இன்னொன்றில் மண்புழு நெளியத் தெம்பில்லாமல் உலர்ந்துகொண்டிருந்தது.

"அங்க ஒரே அழுக்கு, இருட்டு. பாவம்ல டீச்சர்?"

டீச்சருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, தன்மேல்தான். இத்தனை நாள் தொண்டை கிழியக் கத்தியும் இதைப் புரியவைக்கவில்லையே! ஆனால் கட்டையை விட்டுக்கொடுப்பதாக இல்லை. கோடாலியோடு வந்த தோட்டக்காரரை மறித்து நின்றாள்.

"கொஞ்சம் பொறுங்கண்ணே." வாயாடியிடம் திரும்பினாள். "சாப்பிட்டுச்சா?"

"தொடவே இல்ல டீச்சர். ரெண்டு நாளா கெஞ்சுறேன்."

"எடுத்த இடத்துலயே விடு. எல்லாரும் விடுங்க."

மண்புழுப் பெட்டிக்காரி தொடப் பயந்து அழுதாள். வேறு வழியில்லாமல் தலைமையாசிரியையே முகத்தைச் சுளித்தபடி அதை எடுத்து ஈரமண்ணில் வைத்தார். மண்புழு மெல்ல அசைந்து மண்ணுக்குள் தலையை நுழைத்தது. மரவட்டை சுருள் அவிழ்ந்து, மக்கிய பட்டையை மேய்ந்துகொண்டு ஊர்ந்தது.

"டீச்சர், கட்டையைத் தின்னுது!"

"ஆமா. அது தின்னு கழிக்கிறது மண்ணாகும். அந்த மண்ணுதான் புழுவுக்குச் சாப்பாடு. கட்டை போயிட்டா?"

"எல்லாரும் பட்டினி" என்றாள் வாயாடி. உடனே தலைமையாசிரியையைப் பார்த்து அதட்டினாள். "மேடம், வெயில் படுது! சீக்கிரம் மூடணும்!"

தலைமையாசிரியை ஒரு நொடி யோசித்தார். பிறகு குனிந்து கட்டையின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையைப் பிடிக்கத் தோட்டக்காரர் கோடாலியைக் கீழே போட்டார்.

"மெதுவாய்யா, மெதுவா! நசுங்கிடப் போகுது" என்றார் தலைமையாசிரியை.