முணுக்கு ரோஜா

"மகாராணிக்கு முணுக் முணுக்குன்னு கோபம் வருமாம். அதனால ராஜா செல்லமா வெச்ச பேரு இது," என்று வழிகாட்டிப் பெண் செடியடியில் இருந்த தகரப் பலகையைக் காட்டினாள். 'முணுக்கு' என்றிருந்தது. கூட்டம் சிரித்தது.

பாத்திக்குள் குந்தியிருந்த தோட்டக்காரர் நிமிரவில்லை. கோடை அரண்மனை திறந்திருக்கும் நாளெல்லாம், பத்து வருஷமாக, இந்தக் கதையைக் கேட்டாயிற்று. ராஜாவாவது, மண்ணாவது. அது தோட்டக்காரரே தன் மனைவிக்கு வைத்த பேர். மச்சினி கல்யாணத்துக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, பெரிய இடத்து விருந்தாளிகள் வரும்போது பூ வாடக்கூடாதென்று இங்கேயே தங்கிவிட்டார். "அந்த ராணி வீட்டுப் பூவையே கட்டிக்கிட்டு அழு," என்று பெட்டியோடு போனவள் திரும்பவில்லை. அந்த மழைக்காலத்தில் ஒட்டுக்கட்டிய ரோஜா இது. இளஞ்சிவப்புப் பூ, முள்ளோ கைவைக்க விடாது. என்ன பேர் எழுதுவதென்று அவர் யோசிக்கவே இல்லை. மறுகோடையில் பலகையைப் பார்த்த வழிகாட்டி, தன் பங்குக்கு ஒரு ராணியைச் சேர்த்துக்கொண்டாள்.

இன்றைக்கு ஓர் அதிகாரியும் வந்திருந்தார், கையில் ராஜா காலத்து வரைபடத்தோடு. தோட்டத்தைப் பழையபடியே ஆக்கப் போகிறார்கள். வரைபடத்தில் இல்லாத செடிக்குச் சிவப்பு நாடா. நாடா கட்டியது திங்கட்கிழமை வேரோடு போகும்.

"பெரியவரே, இந்தப் பாத்தி படத்துல இல்லை. ஆனா ராணி காலத்துச் செடின்னா விட்டுடலாம். நீங்கதான் சொல்லணும்."

ஆமாம் என்று ஒரு சொல். அவ்வளவுதான். வாயைத் திறந்தார்.

கூட்டத்தின் கடைசியில் ஒரு மூக்குக்கண்ணாடி. அதற்குப் பின்னால், சிரிக்காத ஒரே முகம். அவள்.

ஆமாம் என்றால் செடி பிழைக்கும். ஆனால் அவள் கண்ணெதிரே, அவள் பேர் காலத்துக்கும் ராணியுடையதாகிவிடும்.

"ராணியோடது இல்லீங்க. என் வீட்டுக்காரியோடது."

"அப்ப இத்தனை வருஷமா நான் சொன்னது?" என்றாள் வழிகாட்டி.

"நல்லாத்தான்மா சொன்னே. கோபம் மட்டும் நிஜம்."

அதிகாரி தயங்கினார். பிறகு நாடாவைக் கட்டிவிட்டு அடுத்த பாத்திக்குப் போனார். கூட்டமும் நீரூற்றுப் பக்கம் நகர்ந்தது. ஒரு ஜோடி செருப்பு மட்டும் சரளைக்கல்லில் நின்றது.

"அரண்மனையில என் பேருல ஒரு ராணி இருக்காளாம்னு சொன்னாங்க. அவ யாருன்னு பார்க்க வந்தேன்."

அவர் மண்ணைக் கிளறினார்.

"குச்சி வெட்டிக் குடுத்தா வேற மண்ணுல பிடிக்குமா?"

"பிடிக்கும். ஆனா தினமும் பக்கத்துலேயே இருந்து பார்த்துக்கணும்."

"யாரு பார்த்துக்கறது?"

அவர் கத்தியை எடுத்தார். முப்பது வருஷம் ஒட்டுக்கட்டிய கை, எந்தக் கணுவில் வெட்டுவதென்று தெரியாமல் கிளை கிளையாகப் போய் வந்தது. அவள் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, பாதியை வேரில் ஊற்றிவிட்டு, மீதியோடு பாட்டிலை அவர் முன்னால் நீட்டியபடி நின்றாள்.